சம்பந்தி வீட்டுச் சீட்டு மேஜை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்று உங்கள் தங்கை பக்கத்தில் நின்று சொல்கிறாள், எழுதிவிட்டேன். அவள் நலம். மகள் நலம். என் நலத்தைப் பற்றி முழுக்கப் படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள். உங்கள் முழங்கால், அக்காவின் தோட்டம், மாடியில் குடியிருப்பவர்களோடு உள்ள தண்ணீர்த் தகராறு எல்லாம் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இந்த வீட்டில் போனில் பேசினால் எல்லார் காதிலும் விழுகிறது. அதில் யார் எந்தப் பக்கம் என்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. உங்கள் தங்கை அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். ஆகவே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் பெண்ணுக்கு நீங்கள் பார்த்துச் சொன்ன இடத்தை நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் விஷயம். எடுத்த எடுப்பில் இப்படிச் சொல்கிறானே என்று கோபப்படாதீர்கள். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடை கடையாக ஏறித் தராசைக் கவிழ்த்துப் பார்த்துச் சோறு தின்றவன். தட்டுக்கு அடியில் காந்தம், படிக்கு அடியில் மெழுகு, சிரிப்புக்கு அடியில் திருட்டு, எல்லாம் பார்த்தாகிவிட்டது. பையன் லிஃப்ட் மெக்கானிக், அப்பா தையற்காரர், அம்மா இல்லை, அத்தை ஒருத்தி கூட இருக்கிறாள், கையும் நாணயமும் சுத்தம் என்று நீங்கள் சொன்னீர்கள். சுத்தம் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு உறுத்தும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் அந்தத் தையல் கடைக்குள் நுழைந்து, சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் நின்று, அவர் திரும்பிய சமயம் அவருடைய அளவு டேப்பை எடுத்து என் பையில் இருந்த இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். துணி டேப் பழசானால் இழுபட்டு நீளும், எல்லாத் தையற்காரரிடமும் நீண்டுதான் இருக்கும். இவருடையது இம்மி பிசகவில்லை. என் சர்வீஸில் இவ்வளவு சரியான டேப்பை நான் கண்டதில்லை. அங்கேயே எனக்குப் பொறி தட்டியது, இந்த மனிதர் யாருக்கோ பயந்து வாழ்கிறார்.

அப்போதுதான் பின்னறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்தேன். துணி வெட்டுகிற பெரிய மேஜை, மேலே குழல் விளக்கு, நான்கு நாற்காலி, நடுவில் ஒரு சீட்டுக்கட்டு. நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். மறைப்பார் என்று எதிர்பார்த்தேன். மறைக்கவில்லை. "சனிக்கிழமை மத்தியானம் கடை லீவு. நாங்க வீட்டோட உக்காந்து போக்கர் ஆடுவோம். நீங்களும் வாங்களேன் சம்பந்தி" என்றார். சம்பந்தமே இன்னும் ஆகவில்லை, அதற்குள் சம்பந்தி. நான் வருகிறேன் என்று சொன்னது ஆட அல்ல, ஆய்வு செய்ய.

முதல் சனிக்கிழமை நடந்ததைக் கேளுங்கள். மேஜையைச் சுற்றித் தையற்காரர், பையன், பையனின் அத்தை. அந்த அம்மாள் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வண்டி தாமதம், வண்டி ரத்து, வண்டி வேறு மேடைக்கு மாற்றம், எதைச் சொன்னாலும் ஒரே குரலில் சொல்லிப் பழகிய ஆள். "டீ ஆறிடும் அண்ணா" என்பதையும் அதே குரலில்தான் சொன்னாள். பணம் வைத்து ஆடுகிறார்களா என்று முதலில் கேட்டேன். இல்லையாம். கோட்டுப் பொத்தான், சட்டைப் பொத்தான், அவ்வளவுதான் பந்தயம். பொத்தான் எல்லாம் போனவர் டீ கிளாஸ் கழுவ வேண்டும். வளர்ந்த மனிதர்கள் பொத்தானுக்காக ஒரு மத்தியானம் முழுக்க உட்காருகிறார்கள் என்றால், மச்சான், உங்களுக்குச் சந்தேகம் வராதா?

ஆட்டத்தைத் தையற்காரர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர் மட்டும் பார்க்கலாம். மேஜை நடுவில் ஐந்து சீட்டு வரும், முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று, அவை எல்லோருக்கும் பொது. கையில் உள்ளதையும் நடுவில் உள்ளதையும் சேர்த்து நல்லதாக ஐந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஜோடியைவிட இரட்டை ஜோடி பெரிது, அதைவிட ஒரே மாதிரி மூன்று பெரிது, அதைவிட வரிசையாக ஐந்து, அதைவிட ஒரே இனத்தில் ஐந்து, இன்னும் மேலேயும் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பொத்தான் போடலாம், போட்டதற்குச் சமமாகப் போடலாம், ஏற்றலாம், பிடிக்கவில்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். இதுவரை நியாயம். ஆனால் சீட்டுப் போடுபவருக்கு இடப்பக்கம் உள்ள இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே பொத்தான் போட்டாக வேண்டுமாம். சரக்கைக் காட்டுமுன் விலை வாங்குகிற கடைக்கு நான் சீல் வைத்திருக்கிறேன். சொன்னேன். "எல்லாருக்கும் முறை மாறி மாறி வரும் மாமா, யாருக்கும் நஷ்டமில்ல" என்றான் பையன். பதில் தயாராக வைத்திருந்தான் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

முதல் கையிலேயே எனக்கு இரண்டு ராஜா. இதை யாராவது மாற்றிவிடுவார்கள் என்று பட்டதால், பார்த்த கையோடு சட்டைப் பையில் போட்டு மேலே பேனாவையும் செருகிக்கொண்டேன். மூன்று பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். அத்தை அந்த ரயில்வே குரலில், "சீட்டு மேஜையை விட்டு இறங்கக்கூடாது அண்ணா. எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி முன்னாலயே இருக்கணும். பையில போன சீட்டு செத்த சீட்டு" என்றாள். அதாவது, வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் பையைச் சோதித்தவனை ஒரு தையல் கடைப் பின்னறையில் சந்தேகப்பட்டார்கள். என் இரண்டு ராஜாவும் செத்துப்போனார்கள். தையற்காரர் ஊசி குத்தாமலிருக்க மாட்டியிருந்த விரல் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "சீட்டு மேல இதை வெச்சுக்குங்க, யாரும் தொடமாட்டாங்க" என்றார். வாங்கி உள்ளே சீட்டைக் காட்டிக்கொடுக்கும் கண்ணாடித் துண்டு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒட்டவில்லை.

அடுத்தது கேளுங்கள். நான் யோசிக்கும்போது விரலால் மேஜையைத் தட்டுவேன், உங்களுக்குத் தெரியும், உங்கள் தங்கைக்கு அது பிடிக்காது. நல்ல சீட்டு வந்து எவ்வளவு ஏற்றலாம் என்று யோசித்துத் தட்டிக்கொண்டிருந்தேன். உடனே பையனும் ஒரு தட்டு, அத்தையும் ஒரு தட்டு, தையற்காரரும் ஒரு தட்டு, அடுத்த சீட்டு வந்துவிட்டது. மூன்று பேரும் தட்டிப் பேசிக்கொள்கிறார்கள், பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். "என்னம்மா தட்டறீங்க, தந்தியா" என்று கேட்டேன். மேஜையைத் தட்டினால் இந்தச் சுற்றுக்குப் போடவில்லை, அடுத்தவர் பேசலாம் என்று அர்த்தமாம். ஆக நான் அதுவரை என் நல்ல சீட்டுகளையெல்லாம் தட்டித் தட்டியே தாரை வார்த்திருக்கிறேன். அப்புறம் நான் கைநிறையப் பொத்தானை அள்ளி நடுக்குவியலில் வீசினேன். அதுவும் தப்பு. "எவ்வளவு போடறீங்கன்னு முதல்ல வாயால சொல்லணும், அப்புறம் உங்க முன்னாலயே எண்ணி வெக்கணும். கொஞ்சம் வெச்சு, எங்க முகத்தைப் பார்த்து, மறுபடி கொஞ்சம் வெக்கறது கூடாது." என் முறை வருமுன் பேசினேன், தப்பு. கவிழ்த்துவிட்ட என் சீட்டு என்னவென்று சொல்லிப் பெருமூச்சு விட்டேன், மற்றவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்ததால் அதுவும் தப்பு. பையன் காதில் "உங்க அப்பாகிட்ட ஜோடிகூட இல்ல, நீ ஏத்து" என்றேன், அது பெரிய தப்பு. ஒரு கையை ஒருவர்தான் ஆட வேண்டுமாம். மருமகனாகப் போகிறவனுக்கு நல்லது சொன்னால் தப்பு என்கிற குடும்பத்தை நீங்கள் எங்கே தேடிப் பிடித்தீர்கள்? அன்று டீ கிளாஸ் கழுவியது நான். பையன் கூட வந்து துடைத்து அடுக்கினான். பாசாங்கு.

இரண்டாவது சனிக்கிழமைதான் உண்மையான திருட்டைக் கண்டுபிடித்தேன், அல்லது கண்டுபிடித்ததாக நினைத்தேன், முழுக்கக் கேளுங்கள். நடுச்சீட்டைத் திறக்குமுன் ஒவ்வொரு தடவையும் கட்டின் மேல் சீட்டு ஒன்றைத் தையற்காரர் கவிழ்த்தபடியே எடுத்துத் தன் பக்கம் ஒதுக்கினார். முதல் தடவை கண்டுகொள்ளாததுபோல் இருந்தேன். இரண்டாவது தடவையும் ஒதுக்கினார். மூன்றாவது தடவை அவர் கை நகர்ந்தபோது நான் எழுந்துவிட்டேன். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து, பாதி தைத்த கோட்டு மாட்டியிருந்த பொம்மைமேல் விழுந்து, பொம்மை அத்தைமேல் விழ, நான் அந்த மூன்று சீட்டையும் பிடுங்கித் திருப்பிப் போட்டேன். "இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க. யாருக்காக இதை எடுத்து வெக்கறீங்க?" சீட்டு மூன்றும் கழிசடை. ஒரு ஜாக்கிகூட இல்லை. தையற்காரர் முகம் கறுத்துப்போனது. அத்தைதான் பொம்மையை நிமிர்த்தி நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

"அண்ணா, மேல் சீட்டுல யாராவது நகத்தால கீறி அடையாளம் வெச்சிருந்தா, அடுத்து என்ன வருதுன்னு அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும். அதனாலதான் அதை யாருக்கும் இல்லாம ஒதுக்கறோம். இந்த மேஜையில இருக்கிற விதி ஒவ்வொண்ணும் ஒரு சந்தேகம்தான். எல்லாச் சந்தேகத்தையும் முன்னாலயே விதியாக்கிட்டோம்னா, அப்புறம் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்து சந்தேகப்பட வேண்டியதில்ல. நிம்மதியா டீ குடிக்கலாம்."

நான் வேலை பார்த்த துறைக்கே யாரும் இவ்வளவு நல்ல விளக்கம் கொடுத்ததில்லை. அதுதான் என் சந்தேகத்தை இன்னும் கிளறியது. குற்றமற்றவர்கள் இவ்வளவு தெளிவாகப் பேசமாட்டார்கள். பையன் அந்த ஆட்டத்தை ரத்து என்று சொல்லி அவரவர் பொத்தானைத் திருப்பிக் கொடுத்தான். என் பங்கையும் சரியாக எண்ணிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. உங்கள் தங்கை என்னோடு பேசவில்லை. நம் பெண் மட்டும், "அடுத்த வாரம் நானும் கூட வரேன்ப்பா" என்றாள். துணைக்கு என்று சொன்னாள். காவலுக்கு என்று எனக்குப் புரிந்தது.

மூன்றாவது சனிக்கிழமை. மச்சான், இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். ஆட்டத்தின் நடுவில் பையனுக்குப் போன். எங்கோ மருத்துவமனையில் லிஃப்ட் நின்றுவிட்டது, கிளம்பிவிட்டான். காலியான நாற்காலியைப் பார்த்து அத்தை, "நீ உக்காரும்மா" என்றாள். நம் பெண் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் கண்ணாடி அறுத்துச் சட்டத்தில் பொருத்துகிற பெண், சீட்டுக்கட்டைத் தொட்டு நான் பார்த்ததில்லை. உட்கார்ந்ததும் பொத்தான்களைக் கறுப்பு தனி, வெள்ளை தனியாக அடுக்கினாள். தையற்காரர் கலைத்து வைத்த கட்டை யாரும் சொல்லாமலே வெட்டிக் கொடுத்தாள். சீட்டின் ஓரத்தை மட்டும் விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே வைத்தாள். "யார் பேச்சு?" என்று கேட்டு, தன் முறை வந்ததும் ஒரே ஒரு தட்டு. "எங்கம்மா கத்துக்கிட்டே" என்றேன். "போன்ல இருக்குப்பா" என்றாள், நிமிராமல்.

அந்தக் கை எனக்கு மறக்காது. என்னிடம் கிளாவர் ராஜாவும் இஸ்பேட் ஏழும். நடுவில் டைமன் ராஜா, ஆட்டின் ஏழு, டைமன் நாலு. இரட்டை ஜோடி, அசலான கை. தையற்காரரும் அத்தையும் விலகிவிட்டார்கள். நானும் நம் பெண்ணும்தான். நான் போட்டேன், சமமாகப் போட்டாள். அடுத்து ஏதோ பத்து வந்தது, போட்டேன், போட்டாள். கடைசிச் சீட்டு டைமன் இரண்டு. நான் தட்டினேன், இப்போது அர்த்தம் தெரிந்தே. அவள் தன் பொத்தான் அத்தனையும் இரண்டு கையாலும் மெதுவாக முன்னால் நகர்த்தி, "எல்லாம்" என்றாள்.

நடுவில் மூன்று டைமன். அவள் கையில் இரண்டும் டைமனாக இருந்தால் ஒரே இனத்தில் ஐந்து, என் இரட்டை ஜோடி காலி. இல்லையென்றால் அவள் வெறுங்கையோடு அப்பாவை மிரட்டுகிறாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறந்த அன்றிலிருந்து பார்த்த முகம். பொய் சொன்னால் உதடு இடப்பக்கம் இழுக்கும், ஜுரம் வந்தால் காது சிவக்கும், பரீட்சையில் குறைந்தால் வாசலில் நிற்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். அன்று ஒன்றும் தெரியவில்லை. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கோபமில்லை, சிரிப்பில்லை. யாரோ ஒரு பெரிய மனுஷி. விரல் தொப்பியை எடுத்தேன், வைத்தேன். அவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் என் ராஜாவையும் ஏழையும் கவிழ்த்துத் தள்ளிவிட்டேன். அவள் தன் சீட்டையும் கவிழ்த்தபடியே கட்டோடு கலந்துவிட்டாள். "காட்டும்மா" என்றேன். தையற்காரர் குறுக்கே கை வைத்தார். "காட்ட வேண்டியதில்ல சம்பந்தி. சமமாப் போட்டவங்களுக்குத்தான் பார்க்கிற உரிமை. கேக்கிறதும் மரியாதையில்ல." அப்பன் மகளைக் கேட்க உரிமையில்லை என்று ஒரு தையற்காரர் எனக்குச் சொல்கிறார்.

வரும் வழியெல்லாம் கேட்டேன். பஸ்ஸில் கேட்டேன், படியேறும்போது கேட்டேன், செருப்பைக் கழற்றும்போது கேட்டேன். "பார்க்கணும்னா அங்கயே பொத்தானைப் போட்டுப் பார்த்திருக்கணும்ப்பா" என்று ஒரே பதில். அதனால் என் முடிவைச் சொல்கிறேன். இன்னும் அவள் அந்த வீட்டுக்கு வாழப் போகவேயில்லை, அதற்குள் நம் குழந்தையின் முகத்தை அவர்கள் பூட்டிவிட்டார்கள். போன பிறகு என்ன ஆகும்? அங்கே அவள் அழுதால் எனக்கு எப்படித் தெரியும்? நாற்பது கடை ஏமாற்றினாலும் எனக்குத் தூக்கம் போனதில்லை, மச்சான், இந்த ஒரு கைக்குப் போய்விட்டது. ஆகவே நீங்கள் உடனே தையற்காரரிடம் பேசி, பெண் வீட்டில் இப்போது வசதிப்படாது என்று நயமாகச் சொல்லிவிட வேண்டியது. என் பெயரை இழுக்க வேண்டாம். அவர்கள்மேல் தனிப்பட்ட முறையில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அத்தை போடும் டீ நன்றாகவே இருக்கும்.

உங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் அன்பு. நீங்கள் நீண்ட ஆயுளோடும் வலியில்லாத முழங்காலோடும் இருந்து, நம் பெண்ணுக்கு இதைவிட நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். உறையில் போடுமுன் உங்கள் தங்கை இதை வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு, "டேப்பைப் பார்த்தீங்க, சீட்டைப் பார்த்தீங்க, விரல் தொப்பிக்குள்ளகூடப் பார்த்தீங்க. பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை, இந்தப் பையனைப் பிடிச்சிருக்கான்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். பெண் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன். என் வாழ்க்கையில் எந்தக் கடை வாசலிலும் இவ்வளவு நேரம் தயங்கி நின்றதில்லை. கேட்டேன். கையில் இருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, "பிடிச்சிருக்குப்பா" என்றாள். எவ்வளவு நாளாக என்றேன். அவள் கடை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகுமாம். இரண்டு வருஷமாகவாம். "நீங்க கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்துவிட்டது, காது இரண்டும் சிவந்துவிட்டது, மச்சான், முகம் முழுக்க எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு அதுவே போதும். தையற்காரருக்குப் போன் செய்து தேதி பார்க்கச் சொல்லிவிட்டேன். அந்தக் கையில் என்ன இருந்தது என்று நான் அவளைக் கேட்கவில்லை. இனியும் கேட்கப் போவதில்லை, மேஜை மரியாதை.

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். லிஃப்ட் விவகாரம் ஆரம்பத்திலிருந்தே மாமாவுக்கு, அதாவது உங்களுக்கு, தெரியுமாம். "நல்ல இடமா ஒண்ணு தற்செயலாக் கண்ணுல பட்டது" என்று நீங்கள் என்னிடம் போனில் சொன்னபோது உங்கள் குரலில் ஒரு பிசிறுகூட இல்லையே. முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லாமல் வருகிற சனிக்கிழமை மத்தியானம் இங்கே வந்து சேருங்கள். எனக்கு நேர் எதிரே உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.